ஸ்வீடனுக்குப் புதுசா போன செங்கோட்டை, ஆரியங்காவு ஆட்களுக்கு: உறைஞ்ச தேனைத் தூக்கிப் போடாதீங்க

தம்பி, ஸ்வீடன் கடையில வாங்கின தேன் உறைஞ்சு கிடக்கு, கலப்படமோ, திருப்பிக் கொடுத்துரவான்னு கேட்டிருந்தீங்க. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நான் இப்ப லீவுக்கு ஆரியங்காவு வந்திருக்கேன். கொண்டுவந்த பாட்டிலைப் பார்த்து இங்க மதினியும் இதையேதான் கேட்டாங்க: "நெய் மாதிரி உறைஞ்சு கெடக்கே, சீனிப்பாகா?"

தேன் உறையறது பூவைப் பொறுத்தது. தேன்ல இருக்கிற சர்க்கரையில குளுக்கோஸ் கூடினா சீக்கிரம் உறையும், ஃப்ரக்டோஸ் கூடினா ரொம்ப நாள் இளகியே இருக்கும். புனலூர்ல ரப்பர் தோட்டத்துக்குள்ள தேனீப் பெட்டி வைக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, ரப்பர் தேனும் சட்டுனு உறையும். (அது பூத்தேனே கிடையாது, தளிர் விடுற சீசன்ல இலைக்காம்புல சுரக்கிறது.) அதைத் தின்னு வளர்ந்த நாமளே சந்தேகப்பட்டா எப்படி?

ஸ்வீடன் பாட்டில் லேபிள்ல "ஹாலோன்"னு இருந்தா ராஸ்பெர்ரிப் பூத்தேன். வெளிர் நிறம், புதுசா வந்தவங்களுக்கு அதுவே போதும். காடு எரிஞ்ச இடத்துலயும் மரம் வெட்டின இடத்துலயும் முதல்ல மண்டுற செடி ஃபயர்வீட். அந்தத் தேனுக்குக் கிட்டத்தட்ட நிறமே இருக்காது, உறைஞ்சா வெள்ளை. மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் செடி ஒதுங்கிரும், பெட்டிக்காரங்க வேற இடம் தேடணும்.

"யுங்"னு போட்டிருந்தா ஹெதர் புதர்த் தேன். செம்பழுப்பு, லேசான கசப்பு, காசும் கூட. மெஷின்ல சுத்தினா அடையை விட்டு லேசுல இறங்காது. பிழியணும், இல்ல முள்ளு வச்சுக் குத்திக் கிளறணும். அதுல இருக்கிற புரதம்தான் காரணம். ஸ்பூன் போட்டுக் கிண்டுங்க, இளகும். சும்மா விட்டா திரும்ப இறுகிக்கும். உள்ள காத்துக்குமிழி அப்படியே நிக்கும், புளிச்சுப் போச்சுன்னு நினைக்காதீங்க. ஐரோப்பிய விதியில பொதுவா தேன்ல ஈரம் 20 சதவீதம் தாண்டக் கூடாது, இதுக்கு 23 வரை விட்டிருக்காங்க. தோசைக்கு ஆகாது, கெட்டித் தயிர்ல போட்டா அருமை.

உருக்கணும்னா வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வைங்க, 40 டிகிரி தாண்ட வேண்டாம். மைக்ரோவேவ்ல வச்சா மணமே போயிரும். தண்ணியில சொட்டு விடுறது, தீக்குச்சியில தொட்டுப் பத்தவைக்கிறது, இதுல எல்லாம் கலப்படம் தெரியாது.

பிள்ளை பிறந்தா சேனை வைக்கணும்னு, அதாவது நாக்குல தேன் தொட்டு வைக்கணும்னு, ஊர்ல இருந்து போன் வரும். அசையாதீங்க. ஒரு வயசுக்குள்ள எந்தத் தேனும் நாக்குல படக் கூடாது, பொட்டுலிசம்னு நரம்பைத் தாக்குற விஷ நோய் வரலாம்.

இங்க இருந்து மலைத்தேன் கொண்டு போறவங்களுக்கு ஆளுக்கு 2 கிலோ வரை ஐரோப்பிய விதி இடம் கொடுக்குது. செக்-இன் பெட்டியில போடுங்க, தேனும் திரவக் கணக்குலதான் வரும்.