கலண்டரில் வெட்டின மூன்று மாசம்

ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் சோதனை எழுதின வருசம்தான் அப்பா வழக்குப் போட்டார். அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு உப்புவெளிக்கு, அம்மம்மா வீட்டுக்கு வந்து ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. அப்பா திருகோணமலை டவுனில் அப்பம்மாவோடு இருந்தார்.

வழக்குக் கடதாசியைக் களவாக வாசித்தேன். அம்மா கெட்ட எண்ணத்தோடு அப்பாவைக் கைவிட்டுப் போனாவாம். எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பிறகுதான் விளங்கியது, எங்கள் நாட்டின் 1907ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தில் 'ஒத்துவரவில்லை' என்பதற்கு இடமேயில்லை என்று. சோரம், கைவிடுதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இதில் ஒன்றை ஒருவர் மற்றவர் மேல் சுமத்தி நிரூபிக்க வேணும். ஆறிக்கொண்டிருந்த கோபத்தைக் கிளறிவிட்டதே அந்தக் கடதாசிதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அம்மா எதிர்த்து வாதாடவில்லை. தீர்ப்பு வந்தது, ஆனால் அது முடிந்த தீர்ப்பாக இன்னும் மூன்று மாசம் செல்லுமாம்.

"அதுக்குள்ள சேர்ந்திட்டா?" என்று சட்டத்தரணியிடம் கேட்டேன்.

"சேர்ந்தா எங்களுக்கென்ன பிள்ளை, நல்லதுதானே."

அன்றிலிருந்து கலண்டரில் நாள் வெட்டத் தொடங்கினேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பாவிடமும், அப்பா சாப்பிடுறாரில்லை என்று அம்மாவிடமும் சொன்னேன். தம்பி ஒரே பின்னேரத்தில் இரண்டையும் போட்டுடைத்தான். கோணேசர் கோயில் மலை விளிம்பு மரத்தில் துணி முடிந்தேன்.

இரண்டாம் மாசம் அப்பம்மா செத்துப்போனா. முப்பத்தோராம் நாள் காரியம் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று எங்கள் ஊரில் அங்கேதான் செய்வார்கள். "மாமி என்னை ஒரு சொல் சொன்னதில்லை" என்று அம்மாவும் வந்தா. ஏழு கிணறும் ஏழு சூடு. அப்பா வாளியில் அள்ளித் தம்பியின் தலையில் ஊற்றப் போனார்.

"அது பிள்ளைக்குச் சுடும். அங்கால கிணத்தில அள்ளுங்கோ."

பிரிந்து வந்த பிறகு அம்மா அப்பாவிடம் நேரே பேசின முதல் பேச்சு. அப்பாவும் மறுபேச்சில்லாமல் மற்றக் கிணற்றில் அள்ளினார். எனக்கு நெஞ்சு படபடத்தது. சரிவந்திட்டுது என்றே நினைத்தேன்.

திரும்பும்போது எல்லாரும் ஒரே வானில்தான். அப்பா தம்பியை மடியில் வைத்திருந்தார். அநுராதபுரச் சந்தியில் வானை நிற்பாட்டச் சொல்லி இறங்கினார். "தலையைத் துவட்டிவிடும், ஈரமாயிருக்கு" என்றார். அம்மா "ஓம்" என்றா.

மூன்று மாசம் கழிய முடிந்த தீர்ப்பும் வந்தது. நான் வெட்டின நாள்களை அம்மா எப்போதோ கண்டிருக்க வேணும், ஒன்றும் கேட்கவில்லை. தை பிறக்க, புதுக் கலண்டரை அதே ஆணியில், பழையதைக் கழற்றாமல் அதற்கு மேலேயே கொழுவினா.