குதிரில் வைத்த நெல், பானையில் வைத்த பயறு: உங்களுக்கு என்ன ஆனது?

திருத்துறைப்பூண்டிப் பக்கம், தை கடைசி

போன வருடம் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள். இந்த வருட நெல் இப்போது களத்தில் காய்கிறது, மூட்டை கட்ட இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது, மறுபடி அதே தப்பைச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளைச் சம்பா. விதைக்கென்று ஆறு மூட்டை தனியாக எடுத்து உள் அறையில் அடுக்கியிருந்தேன். ஆவணியில் விதை விட எடுத்தபோது முதல் மூட்டையின் வாயைப் பிரித்ததுமே வைக்கோல் நிறத்தில் அந்துப்பூச்சிகள் கிளம்பி முகத்தில் மோதின. கையை உள்ளே விட்டால் கதகதவென்று சூடு, வெளியே எடுத்தால் முழங்கை வரை மாவு. சுவரை ஒட்டி அடியில் கிடந்த மூட்டையில் நெல் கட்டி கட்டியாக ஒட்டி, ஒரே மக்கல் வாடை. ஈரச்சாக்கில் 100 நெல் எண்ணி வைத்து முளைப்புப் பார்த்தேன், முளைத்தது 43. விதை நெல் என்றால் 80 ஆவது முளைக்க வேண்டும். அதே ரகம் வெளியில் கிடைக்காமல் இல்லை, ஆனால் இது அப்பா வருடா வருடம் கதிர் பார்த்துப் பொறுக்கி வைத்த விதை. வாங்கி வந்தது அது ஆகாது.

எங்கே தப்பு நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மிஷினில் அறுத்த நெல் பச்சையாகத்தான் வரும், 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். இரண்டு வெயிலில் காயப்போட்டு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன், மீட்டரில் 16.8 காட்டியது, 17 வரை எடுப்பார்கள் என்பதால் பாஸ் ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அதே குவியலிலிருந்து விதைக்கும் அள்ளிக் கட்டிவிட்டேன். 17 என்பது சீக்கிரம் மில்லுக்குப் போகிற நெல்லுக்கான கணக்கு. ஏழு மாதம் வீட்டில் தூங்கப்போகிற நெல்லுக்கு 13க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், 14ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. நெல் மூச்சு விடுகிறது, பூச்சியும் மூச்சு விடுகிறது, அந்தச் சூடும் ஈரமும் மூட்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே கைவிட்டபோது நான் தொட்டது அதைத்தான்.

இன்னொன்று சாக்கு. முந்தின வருடத்துச் சாக்கையே உதறிவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்தக் கூத்துக்கு அப்புறம் ஒன்றை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தேன். அடித்தையலின் மடிப்பில் பழைய நெல் நாலைந்து சிக்கியிருந்தன, ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு புழு சுருண்டு கிடக்கிறது. பூச்சி எங்கிருந்தோ வரவில்லை, நானே உள்ளே விட்டு வாயைத் தைத்திருக்கிறேன்.

அப்பா காலத்தில் நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தைச் சித்திரையில் காலி செய்து, மூலை மூலையாகச் சுரண்டி, வெயில் காட்டி, வேப்பிலைப் புகை போட்ட பிறகுதான் புது நெல் உள்ளே போகும். மீட்டர் எல்லாம் கிடையாது, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார், ‘டக்’ என்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னொரு வெயில். எனக்கு அந்தப் பல் கணக்கு பிடிபடவில்லை. மீட்டர் இல்லாமல் வீட்டிலேயே ஈரம் பார்க்க யாருக்காவது வழி தெரியுமா?


விளாத்திகுளம் பக்கம்

தம்பி, படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. எனக்கு நெல் தெரியாது, நாங்கள் கரிசல்காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறவர்கள்.

ஈரம் பார்க்க என் மாமியார் செய்வது இது. ஈரம் இல்லாத பொடி உப்பை வெறும் சட்டியில் சூடாக்கி ஆறவிட்டு, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு மூன்று கரண்டி போட்டு, மேலே பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வருகிற மாதிரி தானியத்தைப் போட்டு மூடி, ஒரு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் 15க்கு மேல் ஈரம் இருக்கிறது, திரும்பக் காயப்போடு. ஒட்டாமல் உதிர்ந்தால் 15க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் ஒன்று, உனக்கு வேண்டியது 13. அதனால் உப்பு உதிர்ந்த பிறகும் ஒரு முழு வெயில் கூடுதலாகக் காட்டு. பயறுக்கு இன்னும் கீழே, 10க்குள் வர வேண்டும்.

பயறு வண்டு சங்கதி வேறு. அது வீட்டில் பிறப்பதில்லை, காட்டிலேயே முற்றின நெற்றின் மேல் முட்டை இட்டுவிடுகிறது, நாம் அதையும் சேர்த்துத்தான் வீட்டுக்குச் சுமந்து வருகிறோம். அப்புறம் வீட்டிலேயே பெருகும். உளுந்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், கறுப்புத் தோலில் ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. புழு அங்கிருந்தே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் போல ஆனதும் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். நெற்றைச் செடியிலேயே ரொம்ப நாள் காய விடாமல் முற்றியதும் பறித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

சாப்பாட்டுக்கு வைப்பதை நாங்கள் உடனே உடைத்துவிடுவோம். வண்டுக்கு முழுப் பயறுதான் தோது, உடைத்த பருப்பில் அவ்வளவாக முட்டை வைக்காது. முழுசாகவே வைக்க வேண்டியதற்கு விளக்கெண்ணெய், கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும், எல்லாப் பயறிலும் படும்படி உள்ளங்கையால் பிசறி வைத்தால் முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் பொரியாது. துவரைக்குச் செம்மண் கட்டுவது (செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பது) உங்களுக்கே தெரியும். விதைக்கென்றால் சலித்த அடுப்புச் சாம்பல், பானையில் பயறு மூழ்கும் அளவுக்கு. சும்மா ஒரு கைப்பிடி தூவினால் போதாது. இதைச் சின்னப் பிள்ளைகள் கேட்பதே இல்லை, ஒரு கைப்பிடி போட்டுவிட்டுச் சாம்பல் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

போன மூன்று வருடமாக இன்னொன்றும் செய்கிறேன். கீழே வைக்கோல் பரப்பி, அதன் மேல் கறுப்புத் தார்ப்பாய், அதில் பயறை ஒரு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்துவிட வேண்டும். நல்ல சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம். கையை வைக்க முடியாத சூடு ஏறும், உள்ளே இருக்கிற புழுவும் முட்டையும் சேர்த்துச் செத்துப்போகும். மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறுக்கு இதையேதான் செய்கிறார்கள் என்று வேளாண்மைப் பயிற்சியில் சொன்னார்கள். விதைப் பயறையும் இப்படிப் போட்டிருக்கிறேன், முளைப்பு குறையவில்லை. நெல்லில் செய்து பார்த்ததில்லை தம்பி, அதனால் அதைச் செய் என்று சொல்ல மாட்டேன்.


சென்னையிலிருந்து

ஊரிலிருந்து அம்மா அனுப்புகிற 25 கிலோ அரிசி எங்கள் வீட்டில் மூன்று மாதம் வரும், இரண்டாவது மாதமே கூன் வண்டு நடமாட ஆரம்பித்துவிடும். வசம்பு, காய்ந்த மிளகாய், வேப்பிலை எல்லாம் போட்டுப் பார்த்தேன். வெளியிலிருந்து வருவதைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், அரிசிக்குள்ளேயே இருக்கிற முட்டையை அது ஒன்றும் செய்வதில்லை. இப்போது வந்ததும் இரண்டிரண்டு கிலோவாகக் கட்டி, முறை வைத்து ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கிறேன், எடுத்த பிறகு பொட்டலம் அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிப்பதில்லை (உடனே பிரித்தால் வியர்த்துவிடும்), அப்புறம் ரப்பர் மூடி போட்ட டப்பா. ஒன்றரை வருடமாக ஒரு வண்டு பார்க்கவில்லை.


திண்டிவனம் பக்கம்

எல்லோரும் வண்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். வண்டு விழுந்ததைப் புடைத்துச் சலித்தாவது பார்க்கலாம். பூஞ்சணத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

நிலக்கடலை பிடுங்கின நேரத்தில் நாலு நாள் விடாத தூறல். கொடியோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம், அதுதான் மோசம், உள்ளே வெந்துவிட்டது. பிரித்துக் காயவைத்து உடைத்தபோது கால்வாசிப் பருப்பில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள். பொறுக்கி ஒதுக்கியதை வீணாக்க வேண்டாமே என்று வீட்டில் இடித்துத் தவிட்டோடு கலந்து வாத்துகளுக்குப் போட்டார்கள். பதினான்கு வாத்து. முதலில் தீனி எடுக்கவில்லை, அப்புறம் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன, பத்து நாளில் பதினொன்று போய்விட்டது. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துப் பார்த்து ஈரலைக் காட்டினார், வெளிறிப்போய் இருந்தது. ‘கடலை ஏதாவது போட்டீர்களா?’ என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தப் பூஞ்சணம் விடுகிற அஃப்ளாடாக்சின் என்ற விஷம் அது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலே வான்கோழிகள் திடீரென்று செத்து, காரணம் தேடிப் போனால் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கு. இந்த விஷத்தை உலகம் கண்டுகொண்டதே அப்படித்தான். கோழிக்கு மட்டும் வருவதில்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் இருக்கிற பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு மஞ்சள் காமாலை கண்டு, வயிறு வீங்கி, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களுக்கும் அதே நோய். அவர்களிடம் சாப்பிட வேறு தானியம் இருந்திருந்தால் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள், அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

கழுவினாலும் போகாது, வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும், அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளை. பூஞ்சணம் பூத்த கடலையை எண்ணெய்க்கு என்று பாதி விலைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வாசலுக்கே வந்தார், கொடுக்கவில்லை, குழி தோண்டிப் புதைத்தோம். நஷ்டம்தான். கொடுத்திருந்தால் அது யார் வீட்டுத் தாளிப்பில் போய்ச் சேர்ந்திருக்குமோ.

இப்போது பிடுங்கின செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வரிசையாக வைக்கிறோம், குவிப்பதே இல்லை. காய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும். அதற்கு முன்னால் மூட்டை கட்டாதீர்கள்.


கும்பகோணம் பக்கம், குடோன் வேலை

நெல் தொழிலில் இருக்கிறவன் என்பதால் ஒன்றே ஒன்று. மாத்திரையை வீட்டில் போடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத்தான் சொல்கிறேன். அது பூச்சிக்கு அடிக்கிற மருந்து இல்லை, காற்றில் இருக்கிற ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகக் கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் புகும். பயிற்சி எடுத்தவர்கள், வாயுமுகமூடி போட்டு, மூட்டைகளைக் காற்றுப் புகாத ஷீட்டால் மூடிச் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம், கடையில் உதிரியாகக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்று நாலு மாத்திரை வாங்கி உள் அறை நெல் மூட்டைக்குள் செருகிவிட்டு, கதவைச் சாத்திப் பக்கத்து அறையில் படுத்துவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பெரியவருக்கு வாந்தி, பேத்திக்கு நெஞ்சைப் பிசைகிறது என்று அழுகை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் பூண்டு அழுகின மாதிரி வாடை, வேலையில் பழகின வாடை. எல்லோரையும் தெருவுக்கு இழுத்து வந்து ஆட்டோவில் ஏற்றினோம். பிழைத்தார்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, தாக்குப்பிடிக்கிற உடம்பு இருந்தால் உண்டு. மூட்டை போனால் போகட்டும் சார்.


திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆவணி

அக்கா, அண்ணன்மார்களே, சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது என்று வந்தேன்.

தையில் இங்கே எழுதிவிட்டு, கட்டத் தயாராக இருந்த நெல்லை உப்புப் பாட்டிலில் போட்டேன். நான் காய்ந்துவிட்டது என்று நினைத்த நெல், கண்ணாடி முழுக்க உப்பு. வெட்கமாக இருந்தது. மறுபடி களத்தில் விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் காலால் கோடு இழுத்துக் கிளறி, விதை என்பதால் உச்சி வெயிலில் கூட்டி மூடிவிட்டு, மூன்று நாள். கடைசி நாள் சூட்டோடு கட்டாமல் ராத்திரி முழுக்க உள்ளே ஆறவிட்டேன். புதுச் சாக்குதான் வாங்கினேன். தரையில் பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கு, இடையிடையே நொச்சித் தழை. மாதம் ஒரு முறை கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தேன். வைகாசியில் ஒரு மூட்டையில் இரண்டு அந்து தெரிந்தது, அதை மட்டும் பிரித்துத் தனியாகக் காயவைத்து வேறு சாக்குக்கு மாற்றினேன்.

முந்தாநாள் 100 எண்ணி ஈரச்சாக்கில் வைத்தேன். 91.

போன வருடம் தப்பிய 43லிருந்து வளர்த்து எடுத்த அப்பாவின் விதைதான் இது. நாளை மறுநாள் நாற்றங்கால். என் தேவை போக இரண்டு மரக்கால் மிஞ்சும், திருவாரூர் பக்கம் யாருக்காவது மாப்பிள்ளைச் சம்பா வேண்டும் என்றால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், உங்கள் சாக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.