தொலைக்காட்சியில் வாய்தவறிய கதைகள்: எது மெய், எது கட்டுக்கதை?

செவ்வாழை (கேள்வி):
அமெரிக்க ஒலிபரப்பின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு கதைகளைச் சொல்லிவிடுகிறார்கள். நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸ் நடத்திய 'யூ பெட் யுவர் லைஃப்' வினாடி வினா நிகழ்ச்சிக்கு வந்த ஒரு பெண்மணி தமக்கு ஏராளமான பிள்ளைகள் என்றும், கணவர்மீது அவ்வளவு பிரியம் என்றும் சொல்ல, "எனக்கும் சுருட்டின்மீது பிரியம்தான், ஆனாலும் அவ்வப்போது வாயிலிருந்து எடுத்துவிடுவேன்" என்று கிரௌச்சோ சொன்னாராம். நேரலை என்பதால் நாடே கேட்டதாம். மற்றொன்று, சிறுவர் நிகழ்ச்சி நடத்திய அங்கிள் டான், மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பொடிப் பயல்களைக் கெட்ட வார்த்தையால் திட்டியது. இரண்டாவதை இசைத்தட்டில் தம் காதாலேயே கேட்டதாக எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

பழைய அலைவரிசை:
முதல் கதை 'நேரலை' என்ற சொல்லிலேயே அடிபட்டுப் போகிறது. 1950 முதல் 1961 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த அந்நிகழ்ச்சியைப் பல கேமராக்களை வைத்துப் படச்சுருளில் எடுத்து, நீண்ட உரையாடலை அரைமணி நேரத்துக்கு வெட்டிச் சுருக்கித்தான் ஒளிபரப்பினார்கள். விரசமாக எதையாவது கிரௌச்சோ சொல்லியிருந்தாலும் அரங்கில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்களே தவிர, வீட்டில் இருந்தவர்களின் காதுக்கு அது எட்டியிருக்காது. 1972இல் ஒரு பேட்டியில் அவரே அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தும் இருக்கிறார்.

மரப்பெட்டி:
அங்கிள் டான் கதை தொலைக்காட்சியைச் சேர்ந்ததே அன்று. நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். வானொலியில் 1928 முதல் 1947 வரை பேசிய டான் கார்னிதான் அவர். ஆனால் உங்கள் பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். 1950களில் கெர்மிட் ஷேஃபர் என்பவர் ஒலிபரப்பு உளறல்களைத் தொகுத்து இசைத்தட்டுகளாக விற்றார். மூல ஒலிப்பதிவு கிடைக்காத இடங்களில் நடிகர்களைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டார். உங்கள் பெரியவர் கேட்டது அப்படியொரு நடிப்பாகத்தான் இருக்கும். சரிபார்க்க அக்காலத்து மூலப் பதிவுகளும் அதிகம் மிஞ்சவில்லை. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ நாடா வரும்வரை, நேரலையைச் சேமிக்க வேண்டுமானால் மானிட்டர் திரைக்கு எதிரே ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்திப் படம்பிடிக்க வேண்டியிருந்தது. நாடா வந்த பிறகும், அதன் விலைக்குப் பயந்து பழையதை அழித்துவிட்டு அதிலேயே புதியதைப் பதிந்தார்கள்.

செவ்வாழை:
அப்படியானால், முன்பதிவு செய்த நிகழ்ச்சி என்று தெரிந்தாலே கதையைத் தள்ளிவிடலாம், அல்லவா?

பழைய அலைவரிசை:
அவசரப்பட வேண்டாம். 1969 ஜூலையில் பி.பி.சி.யின் 'புளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சிக்கு வந்த லூலு என்ற யானைக்குட்டி, அரங்கின் தரையிலேயே சிறுநீரும் சாணமும் கழித்து, தொகுப்பாளர் ஜான் நோக்ஸின் காலையும் மிதித்தது. அடக்க முயன்ற பராமரிப்பாளரோ அந்த ஈரத்தில் வழுக்கி இழுபட்டார். பார்த்தவர்கள் பலர் அதை நேரலை என்றே இன்றும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முன்பே பதிவானது. வெட்ட வாய்ப்பிருந்தும் வெட்டாமல் அப்படியே ஒளிபரப்பினார்கள். அந்தப் பதிவு அழியாமல் இருப்பதால், யானை செய்ததை இன்றைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.