மருத்துவமனையில் உறவினரை இழந்து வழக்குப் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன். வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு ராத்திரியில் நிலைமை மோசமாகி, விடிவதற்குள் போய்விட்டார். வக்கீல் கேஸ் ஷீட்டில் முதலில் புரட்டியது டாக்டர் எழுதியதை அல்ல, நர்ஸ் எழுதிய பக்கங்களை. நாடித்துடிப்பு 96, 112, 128 என்று ஏறுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, சிறுநீரும் குறைந்துகொண்டே வருகிறது. ஓரத்தில் "டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது, அவர் வந்து பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. இதைப் பார்க்கும் யாருக்கும் கேஸ் ஜெயித்த மாதிரிதான் தோன்றும். ஆனால் நாங்கள் கருத்துக் கேட்ட வெளி சர்ஜன், "அப்போதே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா?" என்றார். அலட்சியத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால்தான் உயிர் போனது என்றும் காட்ட வேண்டுமாம். உள்ளே தையல் விட்டுக் கசிந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்ததால்தான் வழக்கு எடுபட்டது. அம்மா வேண்டாம் என்று அழுதும் அண்ணன் பிடிவாதமாகச் செய்ய வைத்த பரிசோதனை அது. கடைசியில் சமரசமாக முடிந்தது.

*

நான் நர்ஸ். ரிக்கார்டைத் திருத்திவிடுவார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். தப்பாக எழுதிவிட்டால் அது படிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் நேரமும் போட வேண்டும், மேலேயே எழுதி மறைத்தால் அதுவே எதிராகத் திரும்பும். கணினியில் என்றால் யார் எப்போது எதை மாற்றினார் என்று பெரும்பாலும் பதிவாகும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம், தையல் கசிவது கைதேர்ந்த சர்ஜனுக்கும் நடக்கிறதுதான். அந்த ராத்திரி யாரும் எட்டிப் பார்க்காததுதான் குற்றம்.

*

வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். பாதிப் பேர் துக்கம் ஆறட்டும் என்று இருந்துவிட்டுக் காலக்கெடு தாண்டி வருகிறார்கள். அந்தக் கெடுவை எண்ணுவது இறந்த நாளிலிருந்தா, தவறு தெரியவந்த நாளிலிருந்தா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதனால் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1846 வரை, காயத்தோடு பிழைத்தவர் நஷ்டஈடு கேட்கலாம், செத்துப்போனால் குடும்பம் கேட்க வழியில்லை, எவ்வளவு விசித்திரம் பாருங்கள். அந்த வருடம் வந்த சட்டம்தான் அதை மாற்றியது. இப்போது பல நாடுகளில் இறந்தவர் பட்ட வேதனைக்கு ஒன்று, அவரை நம்பி இருந்தவர்களின் இழப்புக்கு ஒன்று என இரண்டாகக் கேட்கலாம். இரண்டாவதற்கு அவர் வீட்டுக்குக் கொடுத்துவந்த பணத்தின் பேங்க் ஸ்டேட்மென்டை இப்போதே எடுத்து வையுங்கள்.