ஓவர்கிளாக் அனுபவங்கள்: எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை வாட்?

ஓவர்கிளாக் என்றால் பிராசஸர் போன்ற பாகங்களை ஆலை நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது. அதைச் செய்தவர்கள் எட்டிய வேகத்தைச் சொல்வார்கள். அதற்குக் கொடுத்த வாட்டைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். இந்த இழையில் ஒவ்வொருவரும் இரண்டையும் சேர்த்தே எழுதுவோம். நான் தொடங்கிவைக்கிறேன்.

என் கணினியில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 9 5900எக்ஸ் பிராசஸர். 12 கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), தனிக் கோரில் 4.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை பூஸ்ட், அதாவது தானாக ஏறும் வேகம். பெட்டியின் மேல் 105 வாட் என்று இருக்கும். அது கூலரைத் தேர்ந்தெடுப்பதற்கான எண். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட் வழியாக உள்ளே போக அனுமதிக்கப்பட்ட உச்சம் 142 வாட். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் "என் பிராசஸர் ஏன் இவ்வளவு சுடுகிறது" என்று கேட்கிறார்கள்.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன்: எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினேன். 4.6 ஜிகாஹெர்ட்ஸில் ரெண்டரிங் (முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் வேலை) வேகமானது. ஆனால் அப்படிப் பூட்டியதும் தனிக் கோரின் 4.8 போய்விடுகிறது. உலாவியும் பெரும்பாலான விளையாட்டுகளும் சில கோர்களின் வேகத்தையே நம்பியிருப்பவை. கூடுதல் மின்சாரத்தைக் கொடுத்து அன்றாட வேலையை மெதுவாக்கிக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. அதைக் கைவிட்டேன்.

அடுத்து பிபிஓ, ஏஎம்டி தரும் தானியங்கி ஓவர்கிளாக் வசதி. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) மின்வரம்புகளைத் தளர்த்திவிட்டால் பிராசஸர் தானே மேலே போகும். போனது, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஓடும்போது 200 வாட் அருகே போய் நின்றது. இந்த மாதிரிக்கு வெப்ப எல்லை 90 டிகிரி. அதை நெருங்கியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கியது. கிடைத்த லாபம் சில சதவீதம். ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்கே கேட்டது.

இதன் கணக்கு எளிது. டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதற்கான மின்செலவு, வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். 5 சதவீத வேகத்துக்காக வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால், 1.05 பெருக்கல் 1.21. அதாவது 27 சதவீதம் கூடுதல் வாட். அந்த வாட் முழுவதும் வெப்பம். மேலே போகப் போக ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் முன்பைவிட அதிக வோல்டேஜ் கேட்கும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியதும்தான் கர்வ் ஆப்டிமைசருக்கு வந்தேன். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஆலையில் நிர்ணயித்த அட்டவணையை இது கோர் வாரியாகக் கீழே இறக்குகிறது. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 வரை போகலாம். இதில் ஒரு முரண்: பிராசஸரே "சிறந்தவை" என்று அடையாளம் காட்டும் கோர்களைத்தான் குறைவாக இறக்க முடிகிறது. அவற்றுக்கு ஏற்கெனவே குறைந்த வோல்டேஜ்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. என்னுடையதில் அவை மைனஸ் 10க்குக் கீழே தாங்கவில்லை. சுமாரான கோர்கள் மைனஸ் 25இலும் சலிக்காமல் ஓடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படி இறக்கிய கணினி கடும் சுமையில் விழாது. பிரைம்95 என்ற கடும் சோதனையை இரவு முழுவதும் தாங்கிவிட்டு, காலையில் நீங்கள் மின்னஞ்சல் படிக்கும்போது விழும். முழுச் சுமையில் எல்லாக் கோர்களும் தாழ்ந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. வேலை இல்லாத நேரத்தில்தான் ஒற்றைக் கோர் திடீரென்று 4.8ஐத் தொட்டுவிட்டு இறங்குகிறது. சோதனை அங்கேதான். கோர்சைக்ளர் போல ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் மென்பொருள் வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ 18 என்ற வன்பொருள் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கோர் என்பதற்கான தடயமும் அதிலேயே கிடைக்கும்.

* * *

இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நாங்கள் ஓவர்கிளாக் செய்த காலத்தில் வோல்டேஜைக் குறைப்பது பற்றி எவரும் பேசியதில்லை.

1998இல் வந்த இன்டெலின் மலிவு பிராசஸர் செலரான் 300ஏ. பிராசஸரை மதர்போர்டோடு இணைக்கும் பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், அதன் 4.5 மடங்கு பிராசஸரின் வேகம். பஸ்ஸை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ். ஒரே மாற்றத்தில் 50 சதவீதம்! பெரும்பாலான சில்லுகள் முணுமுணுக்காமல் அதை ஏற்றுக்கொண்டன. விலை உயர்ந்த பென்டியம் 2க்குச் சரிக்குச் சரியாக நின்றது. 2011இல் கோர் ஐ7-2600கே. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பூஸ்ட் 3.8, சாதாரணக் காற்றுக் கூலரிலேயே 4.5ஐத் தொட்டது என்னுடையது. அடுத்த ஆண்டு இன்டெலின் அடுத்த தலைமுறையான ஐவி பிரிட்ஜில் சில்லுக்கும் மேல் மூடிக்கும் இடையே இருந்த உலோகப் பற்றான சால்டரை எடுத்துவிட்டுப் பேஸ்ட் வைத்தார்கள். மூடியைப் பிளேடால் அறுத்துத் திறக்கும் கூட்டம் ஒன்று கிளம்பியது. நானும் திறந்தேன், பேஸ்டை மாற்றினேன், வெப்பம் நன்றாகவே இறங்கியது. பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் பூசுபவர்கள் அலுமினிய ஹீட்சிங்க் பக்கமே போகக் கூடாது என்பதை அப்போது எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

சில்லில் மிச்சமிருந்த அந்த வேகம் இன்றைக்கு எங்கே? தயாரிப்பாளர்களே வழித்தெடுத்து விற்கிறார்கள். இன்டெலின் கோர் ஐ9-13900கே பெட்டியிலிருந்து வரும்போதே 253 வாட் வரை போகலாம் என்ற அனுமதியோடு வருகிறது. பல மதர்போர்டுகள் அதையும் மீறி, பயாஸில் 4095 வாட் என்று, அதாவது வரம்பே இல்லை என்று வைத்து அனுப்பின. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைகளில் நிலைத்தன்மைப் பிரச்சினை வெடித்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்பதும் ஒரு காரணம் என்று இன்டெல் சொன்னது. 2024 ஆகஸ்டில் அதைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகோட் (பயாஸ் வழியாகப் பிராசஸருக்குள் ஏறும் திருத்தம்) வந்தது, உத்தரவாதமும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. அந்தப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கை யோசிப்பதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள். கெட்டுப்போன சில்லை மைக்ரோகோட் திருத்தாது, கெடாததைத்தான் காக்கும்.

ரைசன் நண்பரிடம் ஒரு கேள்வி. 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர் போட்டிருந்தால் பிபிஓவைக் கைவிட்டிருப்பீர்களா?

* * *

செலரான் காலத்து அண்ணனின் கேள்விக்கு நானும் பதில் சொல்லலாம், என்னிடம் 360 இருக்கிறது. அது பிராசஸரைக் குளிர்விக்கும். அறையைக் குளிர்விக்காது. 500 வாட் எடுக்கும் கணினி 500 வாட் ஹீட்டர்தான். எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் வெப்பம் உங்கள் கால்மாட்டில்தான் வந்து விழும். மூடிய அறையில் 2 மணி நேரம் விளையாடினால் ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றே சூடாகிவிடுகிறது, பிறகு கூலரைக் குறை சொல்லி என்ன பயன்?

என் கதை கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 3080, 320 வாட். என்னிடம் இருந்தது 650 வாட் பவர் சப்ளை. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் 450ஐத் தாண்டியதே இல்லை. ஆனாலும் விளையாட்டின் நடுவே கணினி படாரென்று அணைந்துபோகும். நீலத்திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை, எதுவுமே இல்லை. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

வாட் மீட்டர் காட்டுவது சராசரியை. அந்தக் கார்டோ மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் 320ஐ வெகுவாகத் தாண்டிப் பாயும். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அந்தப் பாய்ச்சலைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடுகிறது. 2022இல் பவர் சப்ளைகளுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகளில், மிகக் குறுகிய நேரத்துக்கு அறிவித்த வாட்டின் 2 மடங்கைத் தாங்க வேண்டும் என்று சேர்த்ததே இதற்காகத்தான்.

பெரிய பவர் சப்ளை வாங்கச் சொன்னார்கள். நான் கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து, வோல்டேஜ் வளைகோட்டில் 850 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் முழுவதையும் தட்டையாக்கினேன். கார்டு இப்போது 250 வாட்டைச் சுற்றியே இருக்கிறது. விளையாட்டில் வேறுபாடு தெரியவில்லை. பிரேம் எண்ணிக்கையை உற்றுப் பார்த்தால் தெரியும், நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அணைந்துபோவதும் நின்றது. 70 வாட் குறைந்ததில் 14 மணி நேர விளையாட்டுக்கு ஏறக்குறைய 1 யூனிட் மிச்சம். இதைச் சேமிப்பு என்று பெருமையடிக்க மாட்டேன். அறை வேகாமல் இருப்பதே எனக்குப் போதும்.

* * *

எல்லோரும் பிராசஸரையும் கார்டையும் பேசுகிறீர்கள். ரேமும் சுடும்.

என் ரேம் டிடிஆர்4, அதில் சாம்சங்கின் பி-டை சில்லுகள். ரேமின் காத்திருப்பு நேரங்களை இறுக்கி, நினைவகச் சோதனையில் ஒரு பிழைகூட இல்லாமல் தேறியது. விளையாடினால் மட்டும் பிழை. காரணம் கார்டு: அதன் சூடான காற்று நேராக மேலே ரேமின் மீது அடிக்கிறது. சோதனையின்போது கார்டு சும்மா இருந்ததால் ரேம் 40 டிகிரிக்குச் சற்று மேல்தான். விளையாட்டில் 50ஐத் தாண்டியது. வெப்பம் ஏறினால் ரேம் செல்களில் மின்னேற்றம் வேகமாகக் கசியும், அதனால் செல்களுக்கு மறுபடி மின்னேற்றும் இடைவெளியை (புதுப்பிப்பு இடைவெளி) நீட்டி வைத்தவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். ரேமுக்கு எதிரே சின்ன ஃபேன் ஒன்றைக் கட்டினேன், இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன். ரேமைச் சோதிப்பவர்கள் கார்டையும் சேர்த்து ஓடவிட்டுச் சோதியுங்கள்.

* * *

மீண்டும் நான், 5900எக்ஸ். அண்ணனின் கேள்விக்கு: 360 இருந்திருந்தாலும் கைவிட்டிருப்பேன். அதே இரண்டு மூன்று சதவீதத்துக்கு 60 வாட் கூடுதலாகக் கொடுப்பது கூலர் மாறினாலும் மாறாது.

இப்போதைய என் அமைப்பு: கர்வ் ஆப்டிமைசர் மேலே சொன்னபடி, மின்வரம்பு 142இலிருந்து 115 வாட்டுக்கு இறக்கம். ரெண்டரிங்கில் ஆலை அமைப்புக்கும் இதற்கும் இடைவெளி சொற்பம். தனிக் கோர் வேகம் ஆலை அமைப்பைவிட மேல். முழுச் சுமையில் 70 டிகிரிக்குள் நிற்கிறது. இதை ஓவர்கிளாக் என்று அழைக்கலாமா என்று அண்ணன் கேட்பார், அழைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பயாஸ் புதுப்பிக்கச் சொன்னாரே, அதற்கு முன் உங்கள் எண்கள் எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல மதர்போர்டுகளில் புதுப்பித்ததும் எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும், சேமித்து வைத்த பழைய புரொஃபைலையும் புதிய பயாஸ் ஏற்காமல் போகலாம். ஏற்றாலும் மைனஸ் எண்களை மறுபடி கோர் கோராகச் சோதியுங்கள். பழைய பயாஸில் தாங்கிய கோர் புதியதில் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.