இருபால் ஈர்ப்புள்ள பதின்வயதினர் கதைகள்: பரிந்துரை வேண்டும்

நண்பர்களே, ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ படக்கதை படித்தேன். இங்கிலாந்துப் பள்ளியில் ரக்பி ஆடும் நிக், தனக்குப் பெண்களோடு பையன்களையும் பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லும் இடம் அருமை. பெக்கி ஆல்பர்டாலியின் ‘லியா ஆன் தி ஆஃப்பீட்’டும் (2018) படித்தாயிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் நடக்கும் கதை. லியா அம்மாவிடம் எப்போதோ சொல்லிவிட்டாள். நண்பர்களிடம் சொல்லத்தான் தயங்குகிறாள். எனக்கு அந்தத் தயக்கம்தான் சுவாரசியம்.

“ரெண்டில் ஒன்றை முடிவு பண்ணு” என்று கூட இருப்பவர்களே நெருக்கும் சங்கடம் வேறு எந்த நாவலில் நன்றாக வந்திருக்கிறது? உயர்நிலைப் பள்ளிக் களமாக இருக்க வேண்டும். சாவில் முடிகிற கதை மட்டும் வேண்டாம், அலுத்துவிட்டது. அப்புறம், தமிழில் மொழிபெயர்ப்போ நேரடி நாவலோ தெரிந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை படிக்கலாமா என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.