ரூம்மேட் மீது கோலா ஊற்றினார்கள்: தமிழ் மாணவர் சங்கம் பேச வேண்டுமா, வேண்டாமா?

நிலா_முதுகலை:
போன வாரம் இரவு நூலகத்திலிருந்து கேம்பஸ் ஷட்டில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த என் ரூம்மேட் மீது ஒருவன் கோலாவை ஊற்றி, "வைரஸ், உன் ஊருக்கே போ" என்று கத்திவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டான். அவள் சீனாவிலிருந்து வந்து முதலாண்டு புள்ளியியல் படிக்கிறாள். வண்டி நிறைய ஆட்கள். பின் சீட்டில் இரண்டு பேர் நம் தமிழ்ப் பையன்கள், ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. சீன, கொரிய மாணவர் அமைப்புகளோடு சேர்ந்து ஓர் அறிக்கை விடலாம், கூட்டம் போடலாம் என்று எங்கள் தமிழ் மாணவர் சங்கத்தில் சொன்னேன். "அது அவங்க பிரச்சினை" என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆஸ்டின்_பாலா:
உங்கள் ரூம்மேட்டுக்கு நடந்தது அசிங்கம், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் சங்கத்தை இதில் இழுக்காதீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருக்கிறோம். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவை (இங்கே தங்கிப் படிப்பவர்களை அரசு கண்காணிக்கும் தரவுத்தளம்) ஒரே மூச்சில் ரத்து செய்தார்கள். சிலருக்குக் காரணம் எப்போதோ கட்டிய டிராஃபிக் அபராதம். கோர்ட், கேஸ் என்று ஆன பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஊரில் வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வந்தவனிடம் "குரல் கொடு" என்பது சுலபம். சங்கம் பொங்கல் வைக்க, புதிதாக வருகிறவனை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர. அவ்வளவுதான்.

கொங்குச்செல்வி:
பாலா, பயம் நியாயம். "அவங்க பிரச்சினை" என்பது நியாயமில்லை. 1982இல் டெட்ராய்ட் பக்கத்தில் வின்சென்ட் சின்னை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றவர்களுக்குக் கோபம் ஜப்பான் கார்கள் மேல். அவர் சீன வம்சாவளி. மாநில நீதிபதி கொடுத்த தண்டனை 3,000 டாலர் அபராதம், மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. 2001 செப்டம்பர் 15இல் அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் நின்ற பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியரைச் சுட்டவனுக்குக் கோபம் அரபுக்காரர்கள் மேல். அடிக்க வருகிறவன் பாஸ்போர்ட் கேட்டுப் பார்த்தா அடிக்கிறான்?

நேராக நம்மையே குறிவைத்ததும் உண்டு. 1987இல் ஜெர்சி சிட்டியில் ஒரு கும்பல் நம் பெண்களின் நெற்றிப் பொட்டை வைத்தே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டு இந்தியர்களைத் தாக்கியது. 2023 ஜனவரியில் இந்தியானாவின் ப்ளூமிங்டனில், நகரப் பேருந்தில் போன 18 வயது ஆசிய வம்சாவளி மாணவியைத் தலையில் கத்தியால் குத்தினாள் ஒரு பெண். அதுவும் பஸ்தான், நிலா சொல்வதும் பஸ்தான்.

மதுரைக்காரன்:
நான் பாலா கட்சி இல்லை, செல்வி கட்சியும் இல்லை. அறிக்கை என்றாலே எனக்கு அலர்ஜி. 2021 மார்ச் 16 அட்லாண்டாவிலும் அதன் பக்கத்திலும் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான், அதில் ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். அடுத்த வாரம் முழுக்க அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் எல்லாரிடமிருந்தும் ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல். "மனம் உடைந்துபோனோம்", கீழே ஹெல்ப்லைன் நம்பர். எங்கள் கேம்பஸில் அந்த நம்பரைக் கூப்பிட்டவனுக்கு கவுன்சிலிங் அப்பாயின்ட்மென்ட் அடுத்த மாதம் கிடைத்தது. 2020 ஜனவரியில் பெர்க்லியின் மாணவர் சுகாதார மையம் போட்ட பதிவு ஞாபகம் இருக்கிறதா? கொரோனா காலத்தில் வரக்கூடிய 'இயல்பான' உணர்வுகள் என்ற பட்டியலில் ஆசியர்களைக் கண்டு ஒதுங்குவதையும் சேர்த்திருந்தார்கள். அப்புறம் மன்னிப்புக் கேட்டு எடுத்தார்கள்.

இன்னொன்று, கசக்கும். நாம் ரொம்ப சுத்தமா? 2014இல் டெல்லி லாஜ்பத் நகரில் அருணாச்சல மாணவர் நீடோ தானியாவை முடியைக் கிண்டல் செய்து ஆரம்பித்த சண்டையில் அடித்தார்கள், மறுநாள் இறந்துபோனார். 2020இல் நம் நகரங்களிலேயே வடகிழக்குப் பிள்ளைகளை 'கொரோனா' என்று கூப்பிட்டோம். 2022இல் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தபோது, எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்திய வம்சாவளிப் பேராசிரியர்கள் சிலர். இவ்வளவையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மெழுகுவர்த்தி பிடிக்க என்னால் முடியாது.

ஆஸ்டின்_பாலா:
அதைத்தான் அண்ணே நானும் சொல்கிறேன்.

கொங்குச்செல்வி:
இல்லை பாலா, அண்ணன் சொன்னது அது இல்லை. "நம் வீட்டையும் கூட்டு" என்கிறார். நீங்கள் "யார் வீட்டையும் கூட்டாதே" என்கிறீர்கள்.

பேசி என்ன ஆகும் என்றால், ஒன்று சொல்கிறேன். 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின, லத்தீன், பிலிப்பைன்ஸ், சீன, ஜப்பானிய வம்சாவளி மாணவர்கள் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாதத்துக்கும் மேல் நடந்தது. (அப்போது மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டி மீது ஏறி வயரைப் பிடுங்கிப் போட்ட, கல்லூரியின் பொறுப்புத் தலைவர் எஸ். ஐ. ஹயகவா. ஜப்பானிய வம்சாவளி! பாலாக்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.) அதன் விளைவாக வந்ததுதான், சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் வாழ்வையும் கற்பிக்கும் அங்குள்ள இனவியல் கல்லூரி, அதற்குள் ஆசிய அமெரிக்கவியல் துறை. 2020 மார்ச்சில் ஆசியர் மீதான வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்ய ஓர் இணையப் படிவம் திறந்தார்களே, அதைத் தொடங்கிய மூன்று தரப்பில் ஒன்று அந்தத் துறை. ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. 2021 மே மாதம் கோவிட் வெறுப்புக் குற்றச் சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்திட்டபோது, "இப்படியெல்லாம் நடக்கவே இல்லை" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்டின்_பாலா:
ஹயகவாவோடு என்னைச் சேர்த்தீர்களே, நன்றி. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் குடிமக்கள். நான் இல்லை. அந்த வித்தியாசத்தை உங்கள் வரலாறு மறைக்கிறது.

சித்ரா_ஹட்சன்:
ஒரு கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். வரலாறு இருக்கட்டும், முதலில் நிலாவின் ரூம்மேட்.

நிலா, ஷட்டிலில் கேமரா இருக்கும். பழைய பதிவு மேல் புதியது ஏறி அழிந்துவிடும். எத்தனை நாள் தாங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். வண்டி எண், நேரம், ஸ்டாப் மூன்றையும் எழுதி, பதிவை எடுத்து வைக்கச் சொல்லி இன்றே கேம்பஸ் போலீஸுக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொன்னால் அதற்குச் சாட்சி இருக்காது. கோலா நனைந்த ஜாக்கெட்டைத் துவைக்காமல் பையில் போட்டு வைக்கட்டும்.

பாகுபாட்டுப் புகார்ப் படிவம் வேறு, போலீஸ் புகார் வேறு. படிவம் போகும் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் பேராசிரியரிடம் அவகாசம் வாங்கித் தருவது, அறை மாற்றித் தருவது மாதிரி வேலைகளை அவர்கள் செய்வார்கள். அதில் 'பெயர் சொல்ல விரும்பவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். பலர் அதை டிக் அடித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். படிவத்தை அவளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். "நீ ஏன் திருப்பிக் கேட்கவில்லை?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

பாலா தம்பி, இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்லூரியையும் கட்டுப்படுத்தும். அதில் பாதுகாப்புப் பெற குடியுரிமை தேவையில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்வது விசா விதிமீறலும் இல்லை. அதற்கு மேலும் பயமாக இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்தை விட, மாணவர்களுக்கான சட்ட உதவி மையத்தில் முதலில் கேளுங்கள். நிறைய கேம்பஸ்களில் இலவசம்.

மதுரைக்காரன்:
இது வேலைக்கு ஆகிற பேச்சு.

நிலா_முதுகலை:
அக்கா, அவளிடம் கேட்டேன். அறிக்கையில் தன் கதை வரவே கூடாது என்கிறாள். ஊரில் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமாம். அவள் கேட்டது ஒன்றுதான்: இரவு லேப் முடிந்து வரும்போது கூட யாராவது வண்டியில் இருக்க வேண்டும். கொரிய மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் பதினோரு மணி ஷட்டிலுக்கு இன்னும் ஆள் இல்லை.

கொங்குச்செல்வி:
அவள் பெயர் இல்லாமலும் அறிக்கை விடலாமே. அடுத்தது யாருக்கு நடந்தாலும் சங்கத்தின் கதவைத் தட்டலாம் என்று தெரிய வேண்டாமா?

ஆஸ்டின்_பாலா:
எங்கள் சங்கத்தில் இப்படித் தீர்மானம் வந்தால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன், அதில் மாற்றமில்லை. ஷட்டிலில் கூடப் போவதற்குத் தீர்மானம் எதற்கு? அந்தப் பின் சீட்டுப் பையன்கள் இரண்டு பேரையும் கேளுங்கள், அதே ரூட்டில்தானே போகிறார்கள்.

நிலா_முதுகலை:
ஒருவன் சரி என்றுவிட்டான், வியாழன் அவன். இன்னொருவன் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. செவ்வாய்க்கு யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.